வைப்பாற்றில் இருநூறு ஜோடி

அவளுக்குக் கையெழுத்து நன்றாக இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றிக் குறையாகச் சொல்ல எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். இதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாக ஒப்பேற்றி வருகிறேன்.

விருதுநகரில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தபோது எங்கள் வகுப்பில் பதினான்கு பேர். முதலிடம் எனக்கு. அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, எனக்கும் இருந்ததில்லை. அவள் ஏழாவதோ எட்டாவதோ வருவாள். தேர்வில் ஒரு கணக்கைப் போட்டு விடை வந்த பிறகும் அதை விடமாட்டாள். வேறு வழியில் ஒரு முறை, விடையிலிருந்து பின்னோக்கி ஒரு முறை என்று போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள். மணி அடிக்கும்போது பாதித் தாள் வெள்ளையாகக் கிடக்கும். கேட்டால், "ஒரு தடவ வந்தது கணக்குல சேராதுடி," என்பாள். மார்க் போனதைப் பற்றி ஒரு வருத்தமும் முகத்தில் இருக்காது. போன தேர்வைவிட இரண்டு மார்க் குறைந்துவிட்டதென்று சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த முகத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

நாரணாபுரத்திலிருந்து மினி பஸ் பிடித்து, சிவகாசியில் பஸ் மாறி வருவாள். அவள் அம்மா ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். கல்லூரி விடுமுறையில் அவளும் அங்கேதான் போவாள். விடுமுறை முடிந்து வரும்போது நகக்கண்களில் அலுமினியப் பவுடர் மினுங்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் ஒரு வாரம் போகாது. வகுப்பில் ஒருத்தி அதைப் பார்த்து, நகத்துக்கு அழகாக இருக்கிறது என்றாள். எனக்கு அதுகூடப் பொறுக்கவில்லை.

எதைப் பார்த்தாலும் ஜோடியாக விட்டுப் பார்ப்பது அவள் பழக்கம். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் ரசத்தில் மிதக்கும் கொத்தமல்லி இலையைக் கிள்ளி இரண்டாக்குவாள். இரண்டு துணுக்கையும் ஒட்டினாற்போல் விட்டு, கரண்டியால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, எவ்வளவு தூரம் விலகுகின்றன என்று பார்ப்பாள். பிறகு இன்னொரு தடவை. பிறகு என் ரசத்தில் ஒரு தடவை. "விட்டுப் பாப்பமா?" என்பதுதான் அவள் வாயில் அதிகம் வரும் வார்த்தை. அவளோடு உட்கார்ந்து நான் சூடாகச் சாப்பிட்டதாக ஞாபகமே இல்லை.

நீரோ காற்றோ ஒழுங்கு தப்பிச் சுழன்று ஓடுவதற்குப் பாடத்தில் கொந்தளிப்பு என்று பெயர். அதில் ஒரு துளி எங்கே போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் துளிகள் மொத்தத்தில் எப்படிப் பரவும் என்று சொல்லலாம். அதைச் சொல்வதுதான் புள்ளியியல் இயற்பியலின் வேலை. கடலில் சிந்திய எண்ணெய்க்கும் மழைமேகத்துக்கும் வானத்தில் பரவும் புகைக்கும் ஒரே கணக்கு. நான் இதைப் புத்தகத்தில் படித்து, அடிக்கோடிட்டு, மனப்பாடம் செய்தேன். அவள் இதை இருக்கன்குடியில் படித்தாள்.

முதல் வருஷம், ஆடி கடைசி வெள்ளி. தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவளோடு இருக்கன்குடிக்குப் போனேன். மாரியம்மன் கோவிலைச் சுற்றி எள் விழ இடமில்லை. வேப்பிலையும் தீச்சட்டியுமாக நாலாபக்கமும் சனம் நெருக்கியடித்தது. கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு அவள் சொன்னாள்: "இப்பக் கைய விட்டுருவம். யாரும் யாரையும் தேடக் கூடாது. கூட்டம் எங்கன தள்ளுதோ அங்கன போகணும்."

நான் பதில் சொல்வதற்குள் கையை விட்டுவிட்டாள். அரை மணி நேரம் கழித்து ஒரு தேங்காய்க் கடை ஓரத்தில் நான் அழுதுகொண்டு நிற்கும்போது வந்து சேர்ந்தாள். தலை கலைந்து, ஒரு செருப்பு இல்லாமல், முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாடி. மொதல்ல ஒரே ஒரு ஆளுதான் நடுவுல பூந்தாரு. அப்ப உன் தோளு தெரிஞ்சிச்சு. பொறவு பத்துப் பேரு மொத்தமா பூந்தாக. அதுக்கு மேல உன்னக் காணவே காணோம். ஒட்டி நிக்கிற வரைக்கும் ரெண்டு பேரயும் ஒரே தள்ளுதான் தள்ளுது. கொஞ்சம் விலகிட்டா உன்னத் தள்ளுறது வேற, என்னத் தள்ளுறது வேற. விலக விலகத்தான் இன்னும் வெரசா விலகுது."

அவள் அன்று சொன்னது எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. எத்தனையோ பெரியவர்கள் எத்தனையோ வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்ட விஷயம் அது என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் அழுதுகொண்டு நிற்கிறேன், இவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள் என்பதுதான். "ஒரு தடவ போதாது, இன்னும் நாலு தடவ பாப்பம்," என்றாள். பார்த்தோம். அன்றைக்கு நான் மொத்தம் ஐந்து தடவை தொலைந்தேன்.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில் பெங்களூரிலிருந்து ஒரு பேராசிரியர் எங்கள் கல்லூரிக்குப் பேச வந்தார். கொந்தளிப்பைப் பற்றித்தான் பேசினார். முடிவில், இந்தக் கல்லூரியிலிருந்து ஒருவரைக் கோடை விடுமுறைக்குத் தன்னுடைய ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துக்கொள்வதாகவும், நன்றாகச் செய்தால் அங்கேயே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்துவிடலாம் என்றும் சொன்னார். "உங்கள் ஊரில் ஓடுகிற எதையாவது அளந்து ஒரு அறிக்கை எழுதுங்கள்," என்றார். வகுப்பில் சிரிப்பு. எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருவதே வாரம் ஒரு நாள்.

அந்த இடம் எனக்குத்தான் என்று நான் நினைத்ததில் தப்பில்லை. கல்லூரியே நினைத்தது. எங்கள் அத்தாவுக்குப் பருப்பு மண்டி. மண்டிக்கு வந்த ஒருவர் விடாமல், "எம் மக பெங்களூரு போறா, தண்ணி ஓடுறதுல ஏதோ ஆராய்ச்சியாம்," என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்றும் வாங்கி வந்துவிட்டார். வாசலில் பெட்டியை இழுத்து நடந்து காட்டினார். தெருவே பார்த்தது.

கடைசியில் பெங்களூருக்குப் பெட்டி போனது. நான் போகவில்லை. "அந்தப் புள்ளயிட்ட நல்ல பெட்டி இருக்காதும்மா, நீயே கொண்டு போயிக் குடுத்துட்டு வா," என்று அத்தாவே சொல்லி அனுப்பினார். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

அறிக்கைக்காக நான் சாம்பிராணிப் புகையை அளப்பது என்று முடிவு செய்தேன். கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வீட்டிலுள்ள அத்தனை பேரையும் வேர்க்கவைத்துப் பத்துப் பதினைந்து தடவை அளந்தேன். அவள் வைப்பாற்றுக்குப் போனாள். அந்த வருஷம் அடைமழையில் வெம்பக்கோட்டை அணை நிரம்பி, ஆற்றில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. பட்டாசுக் கம்பெனியில் கழித்துப்போட்ட காகிதக் குழாய்களை அவள் அம்மா சாக்கில் அள்ளி வந்தார். மருந்து அடைக்காத வெறும் குழாய்கள், விரல் நீளம் இருக்கும். இரண்டு முனையையும் மெழுகில் முக்கினால் மிதக்கும். ஜோடிக்கு ஒரே எண்ணாக அவற்றில் எழுத வேண்டும். அவள் எழுதினால் ஒன்றுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாது என்பதால் நான்தான் எழுதிக் கொடுத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல தோழியாகத்தான் தெரிந்திருப்பேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை போனோம். ஆற்றின் குறுக்கே முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கட்டினாள். தண்ணீர் வரும் பக்கம் மேலே அவள் அம்மா நின்று ஒவ்வொரு ஜோடியாகத் தண்ணீரில் வைப்பார். குழாய்கள் எந்த முடிச்சின் கீழ், எப்போது கடக்கின்றன என்று இவள் தண்ணீருக்குள் நின்று கூவுவாள். நான் கரையில் கடிகாரமும் நோட்டுமாக உட்கார்ந்து எழுதுவேன். முதல் ஞாயிறு கயிறு ஐம்பதடி தூரத்தில், அடுத்தது நூறு, அதற்கடுத்தது இருநூறு. ஒவ்வொரு தடவையும் இருநூறு ஜோடி. அவள் அம்மாவின் கை வேகத்துக்கு என்னால் எழுதி மாளவில்லை.

மூன்றாவது ஞாயிறு வேலை முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். "வாங்க தாயி, இங்கன நெழல்ல உக்காருங்க," என்று அம்மா எனக்கு முதலில் போட்டார். சாப்பிடும்போது கம்பெனிப் பேச்சு வந்தது. செய்த சரக்கு நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டேன்.

"சாயங்காலம் போர்மேன் லாட்டுக்குப் பத்து எடுத்துக் கொளுத்திப் பாப்பாக. ஒம்பது ஒழுங்கா வெடிச்சா லாட்டு பாஸு."

"அந்த மீதி ஒண்ணு?" என்று அவள் கேட்டாள். பதில் அவளுக்குத் தெரியும். அம்மா வாயால் நான் கேட்க வேண்டும் என்று கேட்டாள்.

"அதுதான ஆள முடிக்கிறது. அந்த வருசம் பக்கத்து செட்டு வெடிச்சுப் போச்சுல்ல தாயி. அன்னைக்கு அங்கன ஆயிரம் உருப்படி ஒழுங்காத்தான் இருந்துச்சு. அதப் பத்தி யாரு கேட்டா? வந்தவுக எல்லாரும் அந்த ஒண்ணு எதுன்னுதான் கேட்டாக." சொல்லிவிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

எங்கள் மண்டியில் இப்படிக் கிடையாது. அத்தா மூட்டையில் குழாய் ஊசியைக் குத்திக் கையளவு பருப்பு எடுப்பார். அதில் இரண்டு கல் வந்தால் சுண்டி எறிந்துவிட்டு மீதியைப் பார்த்து விலை சொல்வார். நான் அப்படி வளர்ந்தவள்.

அந்த வாரம் சிவகாசி ரோட்டில் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியபோது எனக்கு ஒரு கட்டுரை கிடைத்தது. இரண்டு துகள்கள் கொந்தளிப்பில் எப்படி விலகுகின்றன என்பதைப் பற்றி வெளிநாட்டில் ஒரு குழு எழுதியது. அச்செடுத்து வந்து அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். சாதாரணமாக விலகும் ஜோடிகளைவிட, எங்கேயோ அடித்துச் செல்லப்படும் ஒருசில ஜோடிகள்தான் முக்கியம், அவற்றைத் தள்ளிவிட்டால் உண்மையே தெரியாது என்று அதில் இருந்தது. சிவப்பு மையால் அந்த வரிகளைக் கோடிட்டேன். என் அறிக்கையில் நாலாம் பக்கத்தில் அதை அழகாக எடுத்து எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து அவள் நோட்டோடு வந்தாள். கடைசி ஞாயிறு விட்ட இருநூறு ஜோடியில் பதினொன்று மட்டும் கன்னாபின்னாவென்று போயிருந்தன. ஒன்று இந்தக் கரை ஓரம் என்றால் மற்றது அந்தக் கரை. ஒன்று வந்து வெகுநேரம் கழித்து மற்றது.

"இந்தப் பதினொண்ண என்னடி செய்ய?"

கட்டுரை என் பைக்குள்தான் இருந்தது. நான் யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "எடுத்துரு. கோரை, முள்ளு எதுலயாச்சும் தட்டியிருக்கும். பிழைன்னு தள்ளிரு."

"அப்படியா சொல்ற?"

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நீதான படிக்கிறவ," என்றாள். நான் சொன்னதை நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டாள். அவள் கண்ணால் பார்த்ததை, அவள் அம்மா வாயால் சொன்னதை, ஒரு நிமிஷத்தில் கல்லைச் சுண்டுவதுபோல் சுண்டிவிட்டேன். எனக்குக் குற்ற உணர்வு ஒன்றும் வரவில்லை. வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அன்று வீட்டில் நன்றாகப் பசித்துச் சாப்பிட்டேன்.

இப்போது அவள் இந்துமாக்கடலின் நீரோட்டங்களை ஆராய்கிறாள். கடலில் கலந்த ஒன்று எத்தனை நாளில் எங்கெங்கே சேரும் என்று சொல்கிறவர்களில் அவளும் ஒருத்தி. நான் இங்கேயே ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் எழுதும் கட்டுரைகள் ஒன்று விடாமல் தேடிப் படிக்கிறேன், பிழை கண்டுபிடிக்கத்தான். ஒரே ஒரு தடவை ஒரு சமன்பாட்டில் கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி அச்சாகியிருந்தது. அன்று வீட்டில் பிரியாணி செய்தேன். என்ன விசேஷம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். சும்மாதான் என்றேன்.

அந்தப் பெங்களூர் இடத்துக்கான நேர்காணல் மதுரையில் நடந்தது. எங்கள் கல்லூரியிலிருந்து எங்கள் இருவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். முதலில் என்னை அழைத்தார்கள். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னேன். எழுந்திருக்கப்போகும் நேரத்தில் பேராசிரியர் இன்னொரு அறிக்கையை எடுத்துப் பிரித்து என் பக்கம் திருப்பினார்.

அவளுடைய அறிக்கை. அதில் இரண்டு அட்டவணை இருந்தன. ஒன்றில் இருநூறு ஜோடியும், மற்றதில் நூற்றெண்பத்தொன்பதும். கீழே தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. இந்தப் பதினொன்றை நீக்கச் சொல்லித் தன் தோழி ஆலோசனை தந்தாள், அவள் தன்னைவிட நன்றாகப் படிப்பவள், ஆனாலும் ஏன் நீக்க வேண்டும் என்று தனக்கு இன்னும் விளங்கவில்லை, அதனால் இரண்டு விதமாகவும் தந்திருப்பதாக எழுதி, என் முழுப் பெயரையும் போட்டு, நன்றியும் சொல்லியிருந்தாள்.

"உங்கள் அறிக்கையில் இந்த மாதிரி ஜோடிகள்தான் முக்கியம் என்று எழுதியிருக்கிறீர்கள். இவரிடம் அவற்றை நீக்கச் சொல்லியிருக்கிறீர்கள். இதில் எது உங்கள் கருத்து?" என்று கேட்டார். குத்திக்காட்டும் குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியதுபோல்தான் கேட்டார்.

"நான் சொன்னத அவ தப்பாப் புரிஞ்சிக்கிட்டா சார்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நான் வெளியே வந்தேன். அவள் உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கள்ளிக்குடி தாண்டும்வரை நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு அவளாகவே ஆரம்பித்தாள்.

"அந்தப் பதினொண்ணப் பத்தி சார் கேட்டாரு. நெசமாவே நீ எடுக்கச் சொன்னியான்னு. ஆமா சார்னு நோட்டக் காட்டினேன்."

"ம்."

"அதப் பத்தி ஒரு கட்டுரை இருக்காம். நீ படிச்சிருக்கியாம். உன் அறிக்கையில இருக்குன்னு சொன்னாரு."

அடுத்து வரப்போகும் கேள்விக்கு நான் தயாராக இருந்தேன். ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்பாள், நான் ஏதாவது ஒரு பொய் சொல்லலாம், அல்லது அழலாம், அல்லது சண்டை போடலாம். மூன்றில் எதற்கும் தயார்.

"அதுல எம்புட்டு ஜோடி விட்டாகளாம்?" என்று கேட்டாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசும் முகம் இல்லை. அவளுக்கு அந்த எண்தான் வேண்டியிருந்தது. என்மேல் கோபப்படக்கூட அவளுக்கு நேரமில்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது. அன்றுவரை அவள்மேல் எனக்கு இருந்த பொறாமை எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆனது அந்த நிமிஷத்தில்தான்.

"ஞாபகம் இல்லடி."

"இப்ப வச்சிருக்கியா? தாயேன், விருதுநகர் வாரதுக்குள்ள படிச்சிருவேன்."

பை என் மடியில் இருந்தது. கட்டுரை பைக்குள் இருந்தது. "வீட்ல இருக்கு," என்றேன்.

"சரி, நாளைக்கு எடுத்துட்டு வா."

மறுநாள் நான் கல்லூரிக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது அவள் என் இடத்தில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தாள். பேராசிரியருக்குப் போன் போட்டுக் கேட்டு, கல்லூரி அலுவலகத்துக்கு அவர் பேக்ஸில் அனுப்பியதை வாங்கி வைத்திருந்தாள். ஜெராக்ஸ் கடையின் சூடு ஆறாத தாள்களை என்னிடம் நீட்டினாள்.

"ரெண்டு நாளா வரலயா, சரி, வீட்ல தேடிக் கெடைக்காம சங்கடப்பட்டுக்கிட்டு இருக்க போலன்னு நெனச்சேன். உனக்கும் சேத்து ஒண்ணு போட்டேன்."

வாங்கிக்கொண்டேன். நன்றி என்றுகூடச் சொன்னேன். இப்போது அந்தக் கட்டுரை என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது.